தளை தட்டும் பெயர்

மூன்றாம் நாள் விருந்துக்கு முன்
கொழுப்புப் புகை படிந்த முற்றத்தில்
யாழுக்கு நரம்பு முறுக்கிக்கொண்டிருந்தேன்.
அவள் வருமுன் அவள் வாடை வந்தது.
எரெத்ரியாவின் தென்கரையில் சாயச்சிப்பி உடைப்பவள்.
முழங்கைவரை ஊதா, நகத்துக்குள் அழுகல்.
பெயர் மெலித்தா. தேனீ என்று பொருள்.
நான் சிரிக்கவில்லை.

"என் தம்பியைப் பாட்டில் வை" என்றாள்.

எல்லோரும் கேட்பதுதான்.
எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்:
வீரன் என்றால் முதலில் பாட்டன் வேண்டும்,
அந்தப் பாட்டனின் தாயை ஆற்றங்கரையில்
ஏதாவதொரு தெய்வம் பார்த்திருக்க வேண்டும்.
"எங்கள் பாட்டன் உப்பு அள்ளினான்."

சினம் வேண்டும். பங்கு பிரிக்கையில்
செம்புக் கொப்பரை ஒன்று குறைந்தால்
மலைச்சரிவுபோல் இறங்கும் சினம்.
"கோபம் வந்தால் அவன் வலை தைப்பான்."

நீண்ட ஆயுளையும் நிலைத்த புகழையும்
இரு கைகளில் நீட்டினால் புகழைத் தொட வேண்டும்.
"யாரும் எதையும் நீட்டவில்லையே."

அழவும் தெரிய வேண்டும், படையே பார்க்க,
மணலை அள்ளித் தலையில் கொட்டி.
இதற்கு மட்டும் அவள் பதில் சொல்லவில்லை.

பிறகு என்னதான் செய்தான்?

துடுப்பு வலித்தான். இடப்பக்கம், ஒன்பதாம் பலகை.
போர் முடிந்து திரும்பும் வழியில், ஏதோ ஒரு முனையில்,
காய்ச்சல் கண்ட பதினான்கு பேரை மணலில் கிடத்திவிட்டு
இரவோடிரவாகக் கப்பல்கள் கிளம்பின.
யாரும் சொல்லாமல் இவன் இறங்கிக்கொண்டான்.
உயிருள்ளவனுக்குத் தண்ணீர், இல்லாதவனுக்கு விறகு.
கோடரிக் காம்பு முறிந்ததும்
சுள்ளியைக் காலால் மிதித்து ஒடித்தான்.
பேச்சிருக்கும்போதே பெயர் கேட்டு வைத்துக்கொண்டு
எரியும்போது புகையைப் பார்த்துக் கத்துவானாம்.
மீன்காரன் ஒருவன் படகிலிருந்தே பார்த்திருக்கிறான்;
கரையேறப் பயந்தான்.
பதினான்கு நெருப்பு எண்ணினான்.
"பதினைந்தாவது எரியவில்லை" என்றாள்.
"மூட்ட ஆளில்லை."

பெயர்?
"தீமொபோன்."

விரல் மடக்கினேன். நெடில், குறில், நெடில்.
எங்கள் அடி பிடிவாதமானது:
நெடிலை அடுத்து இன்னொரு நெடில் கேட்கும்,
இல்லையேல் ஜோடியாய் இரண்டு குறில்.
ஒற்றைக் குறில் இங்கே
இரு காவலருக்கு நடுவே மாட்டிய சிறுவன்.
இழுத்தேன். குறுக்கினேன். அடியின் கடைசியில் தள்ளினேன்.
தளை தட்டியது.
நகர் எரித்தவனுக்கு இடமுண்டு அதில்,
அண்டை வீட்டு மந்தையை ஓட்டிவந்தவனுக்கும் உண்டு.

"பெயரில்லாமல் வைக்கிறேன்.
'விறகு ஒடித்தவன்'. அழகாக உட்காரும்."

"அந்தப் பதினான்கு பேரையும்
அவன் அப்படியா கூப்பிட்டான்?"

அன்றிரவு கூடம் நிறைந்திருந்தது.
செத்துப்போன பிராக்ஸிலாவோஸின் மகன்
தந்தையின் இருக்கையில் இன்னும் பொருந்தாமல் உட்கார்ந்திருந்தான்.
தந்தையின் கப்பல்களைப் பாடினேன்.
'காற்று வாய்த்தது, கலங்கள் நீங்கின.'
நான்கு வருடமாய் நான் பாடிப் பரிசு வாங்கிய அடி.
எந்த முனை, எந்த இரவு என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.
அங்கே நிறுத்தி அந்தப் பெயரைச் சொன்னேன்.

அடி முறிந்தது.
மது ஊற்றும் பையன் சாடியோடு நின்றான்.
நரம்பு அறுந்ததோ என்று மகன் எட்டிப் பார்த்தான்.
யாரோ சிரித்தார்கள்.
வாசல் நிலையை ஊதாக் கை ஒன்று பிடித்திருந்தது,
அடுத்த அடி தொடங்கியபோது இல்லை.

பாடகனுக்கு உரியது முதுகுக் கறி.
எனக்குக் கழுத்தெலும்பு வந்தது. சூப்பினேன்.

இப்போது நாக்ஸோஸிலும் கேயோஸிலும்
அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள்.
வாய்க்கு வாய் போனது, நிறைய மாறிவிட்டது,
பிராக்ஸிலாவோஸின் குதிரைகள்கூட நிறம் மாறிவிட்டன.
ஆனால் 'கலங்கள் நீங்கின' என்றதும்
எல்லோரும் ஒருமுறை இருமுகிறார்கள்.
ஏன் என்று கேட்டால்
அப்படித்தான் கேட்டோம் என்கிறார்கள்.

நீளமாய் ஒன்று, குட்டையாய் ஒன்று,
மறுபடி நீளமாய்.